தேர்வுக் களம் என்னும் நாடகம்: ஃபென்வே பார்க் முதல் நம் நேர்காணல் அறைகள் வரை

ஏப்ரல் 14 அன்று நாம் புரட்சியாளர் அம்பேத்கரின் பிறந்த நாளைக் கொண்டாடுகிறோம். மறுநாள், ஏப்ரல் 15 அன்று, அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் வீரர்கள் அனைவரும் 42 என்ற ஒரே எண் பொறித்த சட்டையணிந்து களமிறங்குகின்றனர். 1947ஆம் ஆண்டு அதே நாளில், அவ்விளையாட்டின் நிறத்தடையை உடைத்து உள்ளே நுழைந்த ஜாக்கி ராபின்சனின் எண் அது. அதற்கும் மறுநாளான ஏப்ரல் 16 எந்த நாட்காட்டியிலும் விழாநாள் அல்ல. 1945இல் அந்த நாளில், இதே ராபின்சன் வேறு இரு கருப்பின வீரர்களுடன் பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க் மைதானத்தில் ஒரு தேர்வாட்டத்தில் கலந்துகொண்டார். மூவரும் திறம்பட ஆடினர். மூவரில் எவரையும் அந்த அணி எடுத்துக்கொள்ளவில்லை. 2025 ஏப்ரலுடன் அந்நிகழ்வுக்கு எண்பது ஆண்டுகள் நிறைவடைந்தன.

கதவு திறந்த நாளைக் கொண்டாடுவது எளிது. கதவு எவ்வாறு சாத்தப்பட்டது என்பதை ஆராய்வது கடினம். ஆனால் நேர்காணல் அறைகளிலிருந்து காரணம் சொல்லப்படாமல் திருப்பி அனுப்பப்படும் நம் மாணவர்களுக்கு அதுவே அதிகம் பயன்படும். எனவே இக்கட்டுரையில் நாம் ஏப்ரல் 16ஐப் பற்றிப் பேசுகிறோம்.

'விண்ணப்பமே வரவில்லை'

அமெரிக்க பேஸ்பாலில் கருப்பினத்தவரைச் சேர்க்கக் கூடாது என்று எந்த விதிநூலிலும் எழுதப்படவில்லை. 1942இல், அன்றைய ஆணையர் கெனசா மவுன்டன் லேண்டிஸ், அப்படியொரு விதியே கிடையாது என்று வெளிப்படையாக அறிவித்தார். 1880களின் இறுதியிலிருந்து ஒரு கருப்பின வீரர்கூட மேஜர் லீக்கில் ஆடாத நிலையில்தான் இந்த அறிவிப்பு வந்தது. எழுதப்பட்ட விதியை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். எழுதப்படாத விதி கைக்குச் சிக்காது. தீண்டாமையைச் சட்டம் ஒழித்த பிறகும் தேநீர்க் கடையில் தனிக் குவளை நீடித்ததைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாஸ்டன் நகர மன்ற உறுப்பினர் இசடோர் மச்னிக் இந்த எழுதப்படாத விதியை ஒரு சட்டக் கருவி கொண்டு தொட்டார். அந்நகரில் ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ்பால் ஆட ஆண்டுதோறும் நகர மன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. கருப்பின வீரர்களுக்குத் தேர்வாட்ட வாய்ப்பளிக்காவிடில் அவ்வனுமதிக்கு எதிராக நிற்பேன் என்று மச்னிக் எச்சரித்தார். ரெட் சாக்ஸ் அணியின் பொது மேலாளர் எடி காலின்ஸ் எழுதிய பதில் வரலாற்றில் நிலைத்துவிட்டது. தாம் அந்த அணியில் இருந்த பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு கருப்பினத்தவர்கூடத் தேர்வாட்டம் கோரி விண்ணப்பித்ததில்லை என்பதே அப்பதிலின் சாரம்.

இந்தப் பதிலை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! பட்டியல் சாதியினருக்கான பணியிடங்கள் ஏன் காலியாக உள்ளன என்று கேட்டால், 'தகுதியுள்ளோர் விண்ணப்பிக்கவில்லை' என்கின்றனர். நுழைய முடியாதென்று எல்லோருக்கும் தெரிந்த வாசலில் கூட்டமில்லாததையே, உள்ளே வர எவருக்கும் விருப்பமில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டும் தந்திரம் இது.

காலின்ஸின் பதிலுக்கு மறுமொழியாக, 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கருப்பின இதழின் விளையாட்டுச் செய்தியாளர் வெண்டல் ஸ்மித் மூன்று வீரர்களை நேரில் அழைத்துவந்தார். ஒருவர் ராபின்சன்: ஜார்ஜியா மாநிலத்தின் கெய்ரோ என்ற சிற்றூரில் 1919இல் பிறந்தவர், பல்கலைக்கழகத்தில் நான்கு விளையாட்டுகளில் முத்திரை பதித்தவர், 1944இல் ராணுவத்தில் இருந்தபோது பேருந்தின் பின்பகுதிக்குச் செல்ல மறுத்ததன் தொடர்ச்சியாக ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டவர். இரண்டாமவர் கிளீவ்லாந்து பக்கைஸ் அணியின் சாம் ஜெத்ரோ; மின்னல் வேக ஓட்டக்காரர். மூன்றாமவர் ஃபிலடெல்ஃபியா ஸ்டார்ஸ் அணியின் மார்வின் வில்லியம்ஸ். விண்ணப்பம் வரவில்லை என்றவர்கள் முன்னால் மூவரும் வந்து நின்றனர்.

மைதானத்தில் நடந்தது

பாஸ்டனுக்கு வந்தவர்கள் சில நாள்கள் காக்கவைக்கப்பட்டனர். இறுதியில் ஏப்ரல் 16 அன்று, பெரும்பாலும் பள்ளிப் பருவத்து வெள்ளை இளைஞர்களோடு சேர்த்து அவர்களைக் களத்தில் இறக்கினர். நீக்ரோ லீக் என்று அழைக்கப்பட்ட கருப்பினத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு இதுவே ஓர் அவமதிப்பு. பந்தைப் பிடித்தனர், எறிந்தனர், அடித்தனர். ராபின்சனின் மட்டை வீச்சு அங்கிருந்தோரை வியக்கவைத்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. விண்ணப்ப அட்டைகளை நிரப்பச் சொன்னார்கள், நிரப்பினார்கள். தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். தகவல் வரவே இல்லை.

'நீங்கள் தேறவில்லை' என்று அவர்களிடம் எவரும் சொல்லவில்லை என்பதை இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அப்படிச் சொல்லியிருந்தால், எதில் தேறவில்லை என்ற கேள்வி எழுந்திருக்கும். மதிப்பெண் பட்டியல் இல்லை, குறிப்பேடு இல்லை, கடிதம் இல்லை. முடிவே எடுக்கப்படாதபோது எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது? மௌனம் என்பது மிகப் பாதுகாப்பான பாகுபாடு. தேர்வாட்டம் நடத்தியாகிவிட்டது, அணிக்கு அவ்வாண்டு நெருக்கடியும் நீங்கிவிட்டது.

சட்டம் இருந்த நகரமும் இல்லாத நகரமும்

அதே ஆண்டு அக்டோபரில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, ராபின்சனை ஒப்பந்தம் செய்ததை அறிவித்தார். இதை ரிக்கி என்ற தனிமனிதரின் நல்லுள்ளத்தின் கதையாகவே திரைப்படங்களும் பாடநூல்களும் சொல்லிவந்துள்ளன. அவருடைய துணிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 1945 மார்ச்சில் நியூயார்க் மாநிலம் ஐவ்ஸ்–குவின் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. வேலைவாய்ப்பில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்து ஓர் அமெரிக்க மாநிலம் இயற்றிய முதல் முழுமையான சட்டம் அது. புரூக்ளின் அச்சட்டத்தின் எல்லைக்குள் இருந்தது. பாஸ்டனில் அன்று அப்படியொரு சட்டம் இல்லை. அத்துடன் கருப்பின இதழ்களும் தொழிற்சங்கங்களும் பல ஆண்டுகளாக நடத்திவந்த பரப்புரையும் சேர்ந்தே அந்தக் கதவைத் தள்ளியது.

ராபின்சன் 1947இல் ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதையும், 1949இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதையும் பெற்றார். அவரை முதலில் பார்த்த ரெட் சாக்ஸ், மேஜர் லீக்கிலேயே கடைசி அணியாக 1959 ஜூலையில்தான் பம்ப்சி கிரீன் என்ற முதல் கருப்பின வீரரைக் களமிறக்கியது. அதுவும் தானாக நிகழவில்லை. அவ்வாண்டு பயிற்சி முகாமில் கிரீன் சக வீரர்களின் விடுதியில் தங்க முடியவில்லை. நன்றாக ஆடியும் சீசன் தொடக்கத்தில் மைனர் லீக்குக்கு அனுப்பப்பட்டார். கருப்பின உரிமை அமைப்புகள் மாசசூசெட்ஸ் மாநிலப் பாகுபாட்டு எதிர்ப்பு ஆணையத்தில் முறையிட்டன, விசாரணை நடந்தது, அதன் பிறகே அவருக்கு அழைப்பு வந்தது.

இழந்த ஆண்டுகளுக்குக் கணக்கு

மூவரில் ராபின்சனை உலகம் அறியும். மற்ற இருவரின் கதையில்தான் பாகுபாட்டின் விலை தெரிகிறது. மார்வின் வில்லியம்ஸ் மேஜர் லீக்கில் ஒரு போட்டியில்கூட ஆடவில்லை. சாம் ஜெத்ரோ ஐந்து ஆண்டுகள் கழித்து, 1950இல், பாஸ்டனின் மற்றோர் அணியான பிரேவ்ஸில் சேர்ந்தார். முதல் ஆண்டிலேயே சிறந்த புதுமுக வீரர் விருது பெற்றார். அப்போது அவருக்கு வயது 33. அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் தம் லீக்கில் அதிகத் தளங்களைத் திருடியவர் அவரே. மூன்று முழு சீசன்கள், பிறகு இன்னோர் அணியில் இரண்டு போட்டிகள். அத்துடன் அவருடைய மேஜர் லீக் வாழ்வு முடிந்தது.

அக்காலத்து வீரர்கள் ஓய்வூதியம் பெற நான்காண்டுப் பணிக்காலம் வேண்டும். ஜெத்ரோவுக்கு அது குறைந்தது. எதனால் குறைந்தது? 1945இல் அவர் ஃபென்வே பார்க்கில் நின்றார், அனுமதிக்கவில்லை. அனுமதிக்காதவர்களே பின்னர், உனக்குப் பணிக்காலம் போதவில்லை என்றனர். 1990களில், முதுமையில், அவர் மேஜர் லீக் மீது வழக்குத் தொடுத்தார். 1996இல் அது தள்ளுபடியானது. ஆனால் அவ்வழக்கு எழுப்பிய பொதுக் கருத்தின் அழுத்தத்தால், 1997இல் மேஜர் லீக் நிர்வாகம் முன்னாள் நீக்ரோ லீக் வீரர்கள் பலருக்கு ஆண்டுக்கு 7,500 முதல் 10,000 டாலர் வரை வழங்க முன்வந்தது. தோற்ற வழக்கும் பலருக்குச் சோறு போடும் என்பதற்கு ஜெத்ரோ சான்று. அவர் 2001இல் மறைந்தார்.

விளையாட்டு வணிகம் இல்லையாம்

இத்தனைக்கும் நீதிமன்றங்கள் என்ன செய்துகொண்டிருந்தன? 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் போட்டிகள் மாநிலங்களுக்கிடையேயான வணிகம் ஆகாது என்று தீர்ப்பளித்து, ஏகபோகத் தடைச் சட்டத்தின் பிடியிலிருந்து அதற்கு விலக்களித்தது. இதன் நிழலில் ஒரு வீரரை அணி தன் உடைமைபோல் வைத்துக்கொள்ளவும் விற்கவும் முடிந்தது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் கருப்பின வீரர் கர்ட் ஃபிளட் 1969இல் தம்மைக் கேட்காமலே வேறு அணிக்கு மாற்றப்பட்டபோது, தாம் வாங்கி விற்கும் சரக்கல்ல என்று ஆணையருக்குக் கடிதம் எழுதி வழக்குத் தொடுத்தார். ஓய்வுபெற்றிருந்த ராபின்சன் அவருக்காகச் சாட்சியம் சொன்னார். களத்தில் இருந்த வீரர் ஒருவர்கூட வரவில்லை. 1972இல் 5–3 என்ற கணக்கில் ஃபிளட் தோற்றார். மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர்களில் ஒருவர், அந்நீதிமன்றத்தின் முதல் கருப்பின நீதிபதி தர்குட் மார்ஷல்.

1998இல் ஃபிளட்டின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. ஆனால் அதன் பாதுகாப்பு மேஜர் லீக் வீரர்களுக்கு மட்டுமே. சிற்றூர்களிலிருந்து பெருங்கனவோடு வரும் மைனர் லீக் இளைஞர்களை அது வெளியே நிறுத்தியது. 2018இல் இரண்டாயிரம் பக்கங்களைத் தாண்டிய ஒரு நிதிச் சட்டத்துக்குள் சில வரிகளைச் செருகி, குறைந்தபட்சக் கூலி, மிகைநேரக் கூலி ஆகியவற்றின் பாதுகாப்பையும் அவர்களுக்கு மறுத்தனர். இதற்கு எதிரான நீண்ட சட்டப் போரை முன்னெடுத்தவர் காரட் புரோஷூயிஸ். தாமே மைனர் லீக்கில் பந்து வீசி, மேலே செல்ல முடியாமல், சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். 2014இல் தொடுக்கப்பட்ட வழக்கு 2022இல் 18.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அதே ஆண்டு மைனர் லீக் வீரர்கள் சங்கமாகத் திரண்டனர். 2023இன் முதல் கூட்டு ஒப்பந்தத்தில், அடித்தட்டு வீரரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 4,800 டாலரிலிருந்து 19,800 டாலராக உயர்ந்தது.

இன்றைய நிலை

2020 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகம், 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளுக்கு மேஜர் லீக் தகுதி அளித்தது. 2024இல் அவற்றின் புள்ளிவிவரங்களும் சேர்க்கப்பட்டன. டை காப் நெடுங்காலம் வைத்திருந்த மட்டையடிச் சராசரிச் சாதனை, மேஜர் லீக்கில் ஒருநாளும் ஆட அனுமதிக்கப்படாத ஜாஷ் கிப்சனின் பெயருக்கு மாறியது. வரவேற்கத்தக்க நீதிதான். ஆனால் கிப்சன் இறந்தது 1947 ஜனவரியில்.

இறந்தவர்களுக்கு இடம் கிடைக்கும்போது, இருப்பவர்களுக்கு இடம் சுருங்குகிறது. 1981இல் மேஜர் லீக் வீரர்களில் 18 விழுக்காட்டுக்கும் மேலாக இருந்த அமெரிக்கக் கருப்பினத்தவர், 2025இல் சுமார் 6 விழுக்காடு மட்டுமே. 2022 இறுதித் தொடரில் மோதிய இரு அணிகளிலும் அமெரிக்காவில் பிறந்த கருப்பின வீரர் ஒருவர்கூட இல்லை. 1950க்குப் பின் அப்படி நேர்ந்தது அதுவே முதல்முறை. சிறு வயதிலேயே தனியார் பயிற்சிக்கும், ஊர் ஊராகச் சென்று ஆடும் போட்டிகளுக்கும் பெற்றோர் பெருந்தொகை செலவிட வேண்டிய விளையாட்டாக அது மாறிவிட்டது. வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தெரிவு 40 சுற்றுகளிலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. 2021இல் இணைப்புபெற்ற மைனர் லீக் அணிகள் 160லிருந்து 120 ஆகச் சுருக்கப்பட்டன. சிற்றூர் இளைஞனுக்கு ஏணியின் கீழ்ப்படிகள்தாம் முதலில் அகற்றப்படுகின்றன.

2025 மார்ச்சில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்திலிருந்து ராபின்சனின் ராணுவப் பணி பற்றிய பக்கம் நீக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் மீட்கப்பட்டது. அதே மாதத்தில் மேஜர் லீக் நிர்வாகமும் தன் வேலைவாய்ப்புப் பக்கத்திலிருந்து பன்மைத்துவம் பற்றிய குறிப்புகளை நீக்கியது. 42ஆம் எண் சட்டையை அணிவதும் அந்த எண்ணின் காரணத்தை அழிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அம்பேத்கரின் சிலைக்கு மாலையிட்டுவிட்டு அலுவலகம் சென்று, இட ஒதுக்கீட்டுக் கோப்பை ஓரமாக ஒதுக்கிவைக்கும் கைகளை நாம் அறிவோம்.

நம் ஃபென்வே பார்க்குகள்

இந்திய உயர்கல்வி நிறுவனங்களில் 'தகுதியானவர் எவருமில்லை' என்ற முத்திரையுடன் இட ஒதுக்கீட்டுப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் விடப்படுவது நெடுநாளைய குற்றச்சாட்டு. 2024 ஜனவரியில், அவ்வாறு நிரப்பப்படாத இடங்களைப் பொதுப்பிரிவுக்கு மாற்ற வழிசெய்த பல்கலைக்கழக மானியக் குழுவின் வரைவு நெறிமுறை கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அப்படி எதுவும் நடக்காது என்று ஒன்றியக் கல்வி அமைச்சகம் விளக்கமளிக்க நேர்ந்தது. எழுத்துத் தேர்விலும் ஆய்விலும் தேறியவர் நேர்காணல் அறைக்குள் நுழைந்ததும் தகுதி இழப்பது எப்படி?

இக்கேள்வியை நம் நீதிமன்றங்கள் முன்பே எதிர்கொண்டுள்ளன. தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை தொடர்பான பெரியகருப்பன் வழக்கில், 1970இல், நேர்காணல் மதிப்பெண்களை இனவாரியாகப் பிரிக்காமல் மொத்தமாக வழங்கியதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 1980இல் அஜய் ஹாசியா வழக்கில், சேர்க்கையில் 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்காணலுக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்று கூறியதுடன், நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது விரும்பத்தக்கது என்றும் சொன்னது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. ஒலிப்பதிவு இன்னும் விதியாகவில்லை.

விளையாட்டிலும் இதே கதைதான். பல்வங்கர் பாலு 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். இருந்தும் தலித் என்பதால் இந்துக்கள் அணியின் தலைமைப் பொறுப்பு அவருக்குக் கிடைக்கவேயில்லை. அமெரிக்க நீதிமன்றம் 1922இல் பேஸ்பாலை வணிகம் அல்ல என்றது. நம் உச்ச நீதிமன்றம் 2005இல் ஜீ டெலிஃபிலிம்ஸ் வழக்கில், கிரிக்கெட் வாரியம் அரசமைப்பின் 12ஆம் உறுப்பின்படி 'அரசு' அல்ல என்றது. உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோரும் வழி திறந்தே இருக்கிறது என்பது உண்மை. ஆனால் தேர்வாளர்களின் குறிப்பேட்டைப் பார்க்கும் உரிமை இல்லாதவர் எதைக் கொண்டு வழக்காடுவார்? வாரியத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கொண்டுவர வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018இல் பரிந்துரைத்தது இதனால்தான் முக்கியமாகிறது.

நாம் கேட்க வேண்டியவை, செய்ய வேண்டியவை

நேர்காணல்கள் பதிவு செய்யப்பட வேண்டும். மதிப்பெண்கள் இனவாரியாக எழுதப்பட வேண்டும். 'தகுதியானவர் எவருமில்லை' என்று எழுதும் குழு, ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் உரிய காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நிரப்பப்படாத இடங்கள், அரசமைப்பின் 16(4பி) உறுப்பு வழிவகுத்துள்ளபடி, அதே பிரிவினருக்கே அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்லப்பட வேண்டும். மாநில, மாவட்ட விளையாட்டுத் தேர்வுகளுக்கும் இதே ஒழுங்கு வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. காலின்ஸின் பதிலை நினைவில் வையுங்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். நேர்காணல் முடிந்த அன்றே, எத்தனை நிமிடம் நடந்தது, என்ன கேட்டார்கள், யார் இருந்தார்கள் என்று தேதியிட்டு எழுதி வையுங்கள். முடிவு வந்ததும், அரசு நிறுவனமாயின், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மதிப்பெண் கேளுங்கள். முப்பது நாள்களில் பதில் வராவிடில் மேல்முறையீடு செய்யுங்கள். ஜெத்ரோவின் வழக்கு நீதிமன்றத்தை எட்டுவதற்குள் அவர் முதியவராகிவிட்டார். நம் வழக்குகள் அவ்வளவு காலம் காத்திருக்கக் கூடாது.

அன்று அந்த மூவரும் நிரப்பிக் கொடுத்த அட்டைகளுக்கு எண்பது ஆண்டுகளாகியும் பதில் வரவில்லை. நம் பிள்ளைகள் நிரப்பும் விண்ணப்பங்களுக்கு எழுத்துப்பூர்வமான பதில் கேட்பது, நாம் இன்றே தொடங்கக்கூடிய போராட்டம்.